ஆசிரியர்களுக்கு ஊக்கப் பயிற்சி: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

எங்கள் பள்ளி நிர்வாகம் சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஓர் ஊக்கப் பயிற்சியை ஏற்பாடு செய்தது. ஹோட்டல் அரங்கில் இரண்டு நாள் வகுப்பு, அப்புறம் அந்த நிறுவனத்திலிருந்து ஒருவர் பள்ளிக்கே வந்து நாங்கள் பாடம் நடத்துவதைப் பார்த்துவிட்டுப் பேசுவது, வருடம் முழுக்க ஒரு வாட்ஸ்அப் குழு, கூடவே ஒரு கையேடு, இப்படி எல்லாம் சேர்ந்த தொகுப்பு. அரங்க வகுப்புக்குத் தலைக்கு ஒரு நாளைக்கு 1,500 ரூபாய், பள்ளிக்கு வருவதற்குத் தனிக் கட்டணம். நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. பெங்களூருவில் இந்திராநகர், கோரமங்கலா, எச்.எஸ்.ஆர். லேஅவுட் பக்கம் இதே வேலையைச் செய்கிறவர்கள் நிறையப் பேர், ஐ.டி. கம்பெனிகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் பள்ளிகள் பக்கமும் வர ஆரம்பித்திருக்கிறார்கள், அவர்கள் அனுப்பும் நிகழ்ச்சி நிரல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ ஒரே அச்சு. அதனால் எந்த நிறுவனம் என்பதைவிட, தொகுப்பில் எந்தப் பகுதி உதவியது, எது உதவவில்லை என்று எழுதினால் மற்ற பள்ளிகளில் வேலை செய்யும் நம்மவர்களுக்கும், கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கும் தலைமையாசிரியர்களுக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரங்கில் நடந்ததற்கு ஐந்துக்கு இரண்டு. பள்ளிக்கு வந்து வகுப்பைப் பார்த்ததற்கு ஐந்துக்கு ஐந்து, அதை யோசிக்காமல் கொடுப்பேன். ஒரே நிறுவனம், ஒரே ஆசிரியர்கள், இவ்வளவு வித்தியாசம் ஏன் வந்தது என்பதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

நான் கணித ஆசிரியை. பள்ளி பழைய மெட்ராஸ் சாலைப் பக்கம், கர்நாடக மாநிலப் பாடத்திட்டம், ஆங்கில வழி. ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், அல்சூர், ஸ்ரீராமபுரம், கே.ஆர்.புரம் என்று பல இடங்களிலிருந்து வருகிறார்கள், ஒருவர் பங்காருப்பேட்டையிலிருந்து தினமும் ரயில் ஏறி வருகிறார். எட்டு பீரியடில் ஆறு வகுப்பு, சில நாள் ஏழு. மீதி இருக்கும் ஃப்ரீ பீரியடும் யாராவது லீவு போட்டால் சப்ஸ்டிட்யூஷனில் போய்விடும். வருடத்துக்கு நான்கு எஃப்.ஏ. (பாடத்தின் நடுவே வைக்கும் சிறு மதிப்பீடு), இரண்டு எஸ்.ஏ. (பருவ முடிவுத் தேர்வு), அந்த மதிப்பெண்களைப் பதிவேட்டில் எழுதி, மாநிலக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எஸ்.ஏ.டி.எஸ்.ஸிலும் ஏற்ற வேண்டும். நோட்டுத் திருத்துவது வீட்டில்தான். இதெல்லாம் போக எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் என்ற ஒன்று வருடம் முழுக்கத் தலைக்கு மேல் நிற்கும். மாநிலத் தேர்ச்சி 2023ல் 83.89 சதவீதம், தேர்வறைகளை வெப்காஸ்டிங் செய்து கண்காணித்த 2024ல் அது 73.40க்கு இறங்கியது. பத்தாம் வகுப்பு எடுக்கிறவர்களுக்கு அந்த வருடத்துக்குப் பிறகு நிர்வாகத்தின் பார்வையே மாறிவிட்டது. பாடவாரியாகத் தேர்ச்சி சதவீதம் போட்டு, யார் பெயருக்கு எதிரே எவ்வளவு என்று ஸ்டாஃப் ரூம் சுவரிலேயே ஒட்டினார்கள். அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டேதான் மதியம் டப்பா திறந்து சாப்பிடுவோம். இந்தப் பின்னணியில்தான் "டீச்சர்ஸ் எல்லாரும் சோர்ந்துபோயிருக்காங்க, மோட்டிவேஷன் வேணும்" என்று ஒரு கூட்டத்தில் முடிவெடுத்து, இந்தத் தொகுப்பை வாங்கினார்கள்.

முதல் நாள். பயிற்சியாளருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம், நல்ல பேச்சாளர், ஆங்கிலமும் கன்னடமும் கலந்து பேசினார், யாரையும் தூங்கவிடவில்லை. பலூனை ஊதி அதில் நம் கவலையை எழுதி உடைப்பது, கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் இருப்பவரை நம்பி நடப்பது போன்ற விளையாட்டுகள் காலை முழுக்க. பிறகு ஒரு தாளைக் கொடுத்து, எதற்காக இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று எழுதச் சொன்னார். அந்தப் பத்து நிமிடம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. எங்கள் அறிவியல் ஆசிரியை தன்னைப் படிக்கவைத்த ஒரு டீச்சரைப் பற்றி எழுதியதை வாசித்தபோது பலர் அழுதார்கள், நானும்தான். ஆனால் அதிலிருந்து அவர் போன இடம்தான் எனக்கு ஒப்பவில்லை. உங்கள் மனப்பான்மை மாறினால் வகுப்பு மாறும், நீங்கள் நினைத்தால் முடியும், தினமும் கண்ணாடி முன்னால் நின்று இதைச் சொல்லிக்கொள்ளுங்கள் என்று திரும்பத் திரும்ப அதே பேச்சு. மதியச் சாப்பாட்டில் எங்களுக்கெல்லாம் மூத்தவரான ஹிந்தி டீச்சர் அக்கா என்னிடம் கேட்டார்: "நாளன்னைக்கு எட்டாவது பீரியட்ல நைன்த் சி அப்படியே உட்கார்ந்திருக்குமே, அதுக்கு இவர் என்னம்மா சொல்றார்?" இரண்டாம் நாள் மதியம்வரை அதற்கு அரங்கில் பதில் வரவில்லை.

இதில் குறை பயிற்சியாளரின் பேச்சுத்திறமையில் இல்லை. அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977லேயே, ஒருவருக்கு "இதை என்னால் செய்ய முடியும்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று நான்கு வழிகளைச் சொல்லியிருக்கிறார். தானே ஒரு காரியத்தைச் செய்து ஜெயித்த அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் செய்து ஜெயிப்பதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை, அந்த நேரத்தில் உடலும் மனமும் இருக்கும் நிலை. இதில் மிக வலுவானது முதலாவது. வெறும் வார்த்தையால் வரும் நம்பிக்கை, நிஜமான வேலையில் ஒரு அடி விழுந்தால் சீக்கிரம் கரைந்துவிடும் என்பதும் அவர் சொன்னதுதான். பி.எட். படித்தவர்கள் எல்லோரும் பரீட்சைக்காகவாவது இதைப் படித்திருப்போம். அந்த அரங்கில் எங்களுக்குக் கிடைத்ததில் பெரும்பகுதி மூன்றாவது வகை. திங்கட்கிழமை காலை சிரித்துக்கொண்டே வகுப்புக்குள் போனோம், அந்த வாரக் கடைசிக்குள் பழைய முகம் திரும்பிவிட்டது. பின்னப் பெருக்கலே வராத பதினைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருபடிச் சமன்பாடு நடத்துகிற ஆசிரியைக்கு எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று தெரிந்தால், ஒரு கணக்காவது அந்தப் பிள்ளைகள் கையால் போட்டுவிட்டால், அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது வரும் தெம்பை யாரும் மேடையிலிருந்து கொடுக்க முடியாது. ஊக்கம் வந்தால் வேலை நன்றாக நடக்கும் என்பது சரிதான். ஆனால் வேலை நன்றாக நடந்தால்தான் ஊக்கம் வரும் என்பது அதைவிட அதிகம் சரி என்று இத்தனை வருட வகுப்பறை அனுபவத்தில் எனக்குப் படுகிறது.

அடுத்து சம்பளம். இதைப் பற்றி அரங்கில் பேசிய விதம் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்கின் கோட்பாட்டை ஒரு ஸ்லைடில் போட்டு, பணம் யாரையும் ஊக்கப்படுத்தாது, அங்கீகாரமும் பொறுப்பும்தான் ஊக்கப்படுத்தும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். ஹெர்ஸ்பெர்க் 1959ல் வெளியிட்ட அந்த ஆய்வு பிட்ஸ்பர்க் பகுதிப் பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் பேசி எழுதியது. சம்பளம், மேலதிகாரி நடந்துகொள்ளும் விதம், வேலைச் சூழல் இவையெல்லாம் சரியாக இல்லையென்றால் மனிதருக்கு அதிருப்தி வரும், சரியாக இருந்தால் அந்த அதிருப்தி நீங்கும், அதற்கு மேல் ஊக்கம் வர வேண்டுமென்றால் வேலையிலேயே ஏதாவது இருக்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்னது. முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாவது பாதியை மட்டும் ஸ்லைடில் காட்டினால், கேட்டுக்கொண்டிருக்கும் நிர்வாகத்துக்கு வசதியாகத்தான் இருக்கும். ஏழாவது ஊதியக் குழுவின்படி மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயாவில் டி.ஜி.டி. எனப்படும் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். பி.எட். முடித்து, பத்து வருடம் பத்தாம் வகுப்பு எடுத்தும், அதில் பாதியைக்கூடப் பார்க்காத ஆசிரியைகள் இந்த ஊரில் ஏராளம். சாயங்காலம் வீட்டில் டியூஷன் எடுத்தால்தான் வாடகை கட்ட முடியும் என்ற நிலையில் இருப்பவரிடம் பணம் முக்கியமில்லை என்று சொல்வது நியாயமே இல்லை.

அதே சமயம், சம்பளத்தை ஏற்றினால் மட்டும் பிள்ளைகள் நன்றாகப் படித்துவிடுவார்கள் என்றும் சொல்ல முடியாது, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்தோனேசியாவில் சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கினார்கள். பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரனும் அவருடன் சேர்ந்தவர்களும் அதை ஆராய்ந்து 2018ல் வெளியிட்டார்கள். ஆசிரியர்களின் மனநிறைவு கூடியது, பணக்கவலை குறைந்தது, பக்கத்தில் வேறு வேலை பார்ப்பதும் குறைந்தது, ஆனால் இரண்டு மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோதும் மாணவர்களின் மதிப்பெண்ணில் வித்தியாசம் இல்லை. இதே முரளிதரன் வெங்கடேஷ் சுந்தரராமனுடன் சேர்ந்து ஆந்திரப் பிரதேசத்தின் கிராமத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் செய்த இன்னொரு ஆய்வு 2011ல் வந்தது. அதில் மாணவர்கள் எவ்வளவு முன்னேறுகிறார்களோ அதற்கேற்ப ஆசிரியருக்குப் போனஸ், அதுவும் சராசரியாக வருடச் சம்பளத்தில் 3 சதவீதம்தான். இரண்டு வருடத்தில் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மற்றவர்களைவிட மேலே போனார்கள். எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஆசிரியர்கள் லீவு எடுப்பது குறையவில்லை, ஆனால் பள்ளிக்கு வந்த நாட்களில் கூடுதல் வீட்டுப்பாடம், பயிற்சித் தேர்வு, பள்ளி நேரத்துக்கு வெளியே வகுப்பு என்று செய்யும் வேலை கூடியது. கென்யாவில் பால் க்ளூவியும் மற்றவர்களும் 2010ல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு நேர்மாறு. பரிசு வைத்ததும் தேர்வுக்குத் தயார்செய்யும் வகுப்புகள் மட்டும் பெருகின, பரிசுத் திட்டம் முடிந்த பிறகு அந்த மதிப்பெண் உயர்வும் தங்கவில்லை. ஆக, பரிசு எதற்கு வைக்கிறோமோ அதுதான் நடக்கும். இதையெல்லாம் விரிவாகப் பேசியிருந்தால் அந்த இரண்டு நாளும் பொன்னாக இருந்திருக்கும்.

இதையெல்லாம் பேசாமல், அந்த நிறுவனம் நிர்வாகத்துக்குப் பரிந்துரைத்தது மாதம் ஒரு நட்சத்திர ஆசிரியர். புகைப்படம் போட்டு, வரவேற்பறையில் மாட்டுவது. தொகுப்பிலேயே மோசமான யோசனை இதுதான், தயவுசெய்து ஏற்காதீர்கள். உயர்நிலைப் பள்ளி என்பது ஒரு வகுப்புக்கு ஒரு ஆசிரியர் இருக்கிற தொடக்கப் பள்ளி மாதிரி இல்லை. பத்தாம் வகுப்பில் ஒரு பெண் கணக்கில் நூறு வாங்கினால், எட்டாம் வகுப்பில் அவளுக்கு இயற்கணிதம் பிடிபட வைத்தவருக்கு, ஒன்பதில் நிரூபணம் எழுதக் கற்றுக்கொடுத்தவருக்கு அதில் பங்கு இல்லையா? படம் மட்டும் பத்தாம் வகுப்பு ஆசிரியருக்கு. ஓவிய ஆசிரியர், பி.டி. சார் பெயரெல்லாம் அந்தப் பட்டியலுக்கே வராது. இரண்டு மாதம் மாட்டினார்கள், ஸ்டாஃப் ரூமில் பேச்சு குறைந்தது, வொர்க்‌ஷீட் பகிர்ந்துகொள்வதும் குறைந்தது. மூன்றாம் மாதம் தலைமையாசிரியையே நிறுத்திவிட்டார், அதற்கு அவருக்கு நன்றி.

இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் அரங்கிலும் ஒரு நல்ல விஷயம் நடந்தது. பாடவாரியாக உட்காரவைத்து, ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று மட்டும் பேசச் சொன்னார்கள். நாங்கள் அடிப்படை விகிதசமத் தேற்றத்தை எடுத்தோம், அதாவது முக்கோணத்தில் ஒரு பக்கத்துக்கு இணையாகப் போடும் கோடு மற்ற இரு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் வெட்டும் என்பது. அதே நிர்வாகத்தின் சி.பி.எஸ்.இ. கிளையிலிருந்தும் கணித ஆசிரியர்கள் வந்திருந்தார்கள், அவர்களுக்கு வருடத்துக்கு 50 மணி நேரப் பயிற்சி கட்டாயம் என்பதால் கூட அனுப்பியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் தேற்றத்தை எழுதவைப்பதற்கு முன் கோடுபோட்ட நோட்டுத்தாளில் முக்கோணம் வரைந்து, கோடுகள் பக்கங்களை எப்படி வெட்டுகின்றன என்று பிள்ளைகளையே ஸ்கேலால் அளக்கவைப்பதாகச் சொன்னார். அவ்வளவு எளிய விஷயம்! அந்த ஒன்றரை மணி நேரத்தில் யாரும் எங்களுக்கு ஊக்கமூட்டவில்லை, ஆனால் அரங்கிலேயே அதிகம் உற்சாகமாக இருந்த நேரம் அதுதான், டீ வந்தும் யாரும் எழுந்து போகவில்லை.

இனி பள்ளி வருகை. வந்தவர் மேடையில் பேசியவர் இல்லை. அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், கன்னடக்காரர், சத்தமில்லாமல் பேசுவார். முதல் நாளே ஸ்டாஃப் ரூமில் வந்து நின்று, நான் எழுதுவது எதுவும் நிர்வாகத்துக்குப் போகாது, தாள் உங்களிடமே இருக்கும் என்று சொல்லிவிட்டார், கடைசிவரை அந்த வார்த்தையைக் காப்பாற்றவும் செய்தார். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வகுப்பறையில் நிற்கிறவர்களுக்குத் தெரியும். வழக்கமாக யாராவது கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தால் அது இன்க்ரிமென்டுக்கு மார்க் போடத்தான், அதனால் அன்றைக்கு நாம் நடத்துவது காட்டுவதற்கான பாடமாகிவிடும். இவர் உட்கார்ந்தபோது அப்படி ஆகவில்லை.

அவர் செய்தது இரண்டே காரியம். பிள்ளைகள் உட்காரும் இடங்களை ஒரு தாளில் கட்டம் போட்டுக்கொண்டு, ஆசிரியர் யாரிடம் கேள்வி கேட்கிறார், யார் பதில் சொல்கிறார்கள் என்று புள்ளி வைத்துக்கொண்டே போனார். இன்னொன்று, கேள்வி கேட்டபின் ஆசிரியர் எத்தனை விநாடி காத்திருக்கிறார் என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தார். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே சொன்னது இது: ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடியாக்கினாலே பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, பதில் சொல்கிறவர்கள் எண்ணிக்கையும் கூடுகிறது. படித்தது வேறு, நம் வகுப்பின் தாளையே கையில் வைத்துக்கொண்டு பார்ப்பது வேறு.

எங்கள் சமூக அறிவியல் ஆசிரியையின் கதையைச் சொல்ல வேண்டும், அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். சுவரில் ஒட்டிய தாளில் அவர் பெயருக்கு எதிரே இருந்த சதவீதம்தான் எல்லோரையும்விடக் குறைவு. ஜூன் மாதமே வேறு வேலை தேட ஆரம்பித்துவிட்டார், என்னிடம் சொல்லியும் இருந்தார். முதல் நாள் பயிற்சியில் பலூன் உடைக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அந்தப் பெரியவர் இவர் வகுப்பைப் பார்த்துவிட்டு, தாளைக் காட்டி, நீங்கள் பிள்ளைகளை நன்றாகப் பேசவைக்கிறீர்கள், ஆனால் சன்னல் பக்கம் கடைசி இரண்டு வரிசைக்கு இன்றைக்கு ஒரு கேள்விகூடப் போகவில்லை, நாளைக்கு முதல் கேள்வியை அங்கிருந்து தொடங்குங்கள், வேறு எதையும் மாற்ற வேண்டாம் என்று சொன்னார். அவ்வளவுதான். மறுவாரம் வந்து அதே வகுப்பில் உட்கார்ந்து அதே படத்தைத் திரும்பப் போட்டுக் கொடுத்தார். புள்ளிகள் பரவியிருந்தன. அந்த இரண்டு தாள்களையும் அந்த ஆசிரியை என்னிடம் காட்டியபோது இருந்த முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பிறகு அவரே யோசித்து, நிலப்படம் குறிக்கும் பயிற்சியை அந்தக் கடைசி வரிசைப் பையன்களை வைத்தே நடத்த ஆரம்பித்தார், வாரம் ஒரு சின்னத் தேர்வு வைத்தார், யாரும் சொல்லாமலே. வேலையை விடவில்லை. செய்த ஒரு மாற்றம் பலித்ததைத் தன் கண்ணாலேயே பார்த்தார், அதற்குப் பிறகு அவரை யாரும் தள்ள வேண்டியிருக்கவில்லை.

எனக்கு அந்தப் பெரியவர் சொன்னது பாராட்டுத்தான், ஆனால் நான் அதுவரை கேட்டிராத மாதிரியான பாராட்டு. ஒரு பையன் போர்டில் தப்பாகப் போட்டபோது நான் அழிக்காமல், எந்த வரிவரைக்கும் சரி என்று அவனையே கண்டுபிடிக்கச் சொன்னேன். அதைக் குறித்துவைத்து, இதைச் செய்தபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது, இதைத் தினமும் ஒரு முறை செய்யுங்கள் என்றார். "யூ ஆர் எ வொண்டர்ஃபுல் டீச்சர்" என்று அரங்கில் நூறு முறை கேட்டதைவிட இந்த ஒரு குறிப்பு எனக்கு அதிகம் வேலை செய்தது. இன்ன நேரத்தில், இன்ன காரியம், அதன் விளைவு இன்னது என்று சொல்லப்படுகிற பாராட்டை வைத்து ஒருவர் மறுநாள் ஏதாவது செய்ய முடியும்.

இதைத் தொடர்ந்து பள்ளியிலும் ஒரு நல்லது நடந்தது. வாரத்தில் ஒரு ஃப்ரீ பீரியடுக்கு மட்டும் சப்ஸ்டிட்யூஷன் போடக் கூடாது, அந்த நேரத்தில் இருவர் இருவராக ஒருவர் வகுப்பை ஒருவர் பார்க்கலாம் என்று தலைமையாசிரியை ஏற்பாடு செய்தார். யாரோடு சேர்வது, எந்த வகுப்பைப் பார்ப்பது எல்லாம் எங்கள் விருப்பம். ஊக்கத்தைப் பற்றி ஆராய்ந்த உளவியலாளர்கள் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் இருவரும் சொல்கிற மூன்று தேவைகள், அதாவது தானே தீர்மானிக்கும் இடம், திறமை வளர்கிறது என்ற உணர்வு, கூட இருப்பவர்களோடு ஒட்டுதல், மூன்றுமே இந்தச் சின்ன ஏற்பாட்டில் இருக்கின்றன. செலவு ஒரு ரூபாய் கிடையாது. ஆனால் அந்த ஒரு பீரியடைக் காப்பாற்ற டைம்டேபிள் போடுகிறவருக்கு உறுதி வேண்டும், அரையாண்டுத் தேர்வு நெருங்கியதும் முதலில் காவு போனது அதுதான்.

அரசுப் பள்ளியில் இருக்கும் என் தோழி இதையெல்லாம் கேட்டுவிட்டு, எங்களுக்கு யாரும் உற்சாகம் தர வேண்டாம்டி, வகுப்பில் இருக்க விட்டால் போதும் என்றாள். 2025 செப்டம்பரில் தொடங்கிய மாநிலச் சமூக, கல்விக் கணக்கெடுப்புக்கு வீடுவீடாகப் போனவர்களில் அவளும் ஒருத்தி. தசரா விடுமுறையை அக்டோபர் 18 வரை நீட்டித்து அந்த வேலையை முடிக்க வேண்டியிருந்தது. இழந்த நாட்களை ஈடுகட்டக் கூடுதல் வகுப்பு எடுத்ததும் அவளைப் போன்றவர்கள்தான். அவளுடைய ஊக்கத்தில் குறை ஒன்றும் இல்லை, நேரத்தில்தான் குறை. எந்தப் பயிற்சி நிறுவனமும் தன் நிரலில் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலை ஆறு மணிக்கு ஒரு பொன்மொழி, சூரியோதயப் படத்தோடு. அந்த நேரத்தில் பிள்ளைக்கு டிஃபன் கட்டிக்கொண்டிருப்பவருக்கு அது எதற்கு? கேள்வி கேட்டால் பதில் வரும் என்று சொன்னார்கள், பாடம் சம்பந்தமாகக் கேட்ட எதற்கும் உருப்படியான பதில் வரவில்லை. தீபாவளிக்குள் பெரும்பாலோர் மியூட் செய்துவிட்டார்கள். கையேட்டிலும் புதிதாக ஒன்றுமில்லை, அரங்கில் காட்டிய ஸ்லைடுகளைத்தான் வழவழப்பான தாளில் அச்சடித்திருக்கிறார்கள்.

சாப்பாடும் இடமும் நன்றாக இருந்தன. மெட்ரோவில் இறங்கி நடக்கும் தூரம், மதியம் நல்ல சாப்பாடு, நேரத்துக்கு முடித்தார்கள். ஆனால் இரண்டு நாளும் சனி, ஞாயிறு. பங்காருப்பேட்டையிலிருந்து வருகிறவருக்கு அந்த வாரம் ஒரு நாள்கூட ஓய்வு இல்லை, ஈடுகட்டும் விடுமுறையும் கொடுக்கவில்லை. ஆசிரியர்களின் சோர்வைப் போக்க அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை, நிறுவனமாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

இப்படி ஒரு தொகுப்பை வாங்க நினைக்கும் பள்ளிகளுக்கு நான் சொல்வது, அரங்க வகுப்பை ஒரே நாளாகக் குறைத்து, அந்த ஒரு நாளையும் பாடவாரிக் குழுக்களுக்கே கொடுக்கச் சொல்லுங்கள். மிச்சமாகும் பணத்தில் பள்ளி வருகைகளைக் கூட்டுங்கள். வருகிறவர் உயர்நிலை வகுப்பில் பாடம் நடத்தியவரா என்று கட்டாயம் கேளுங்கள், முடிந்தால் முன்கூட்டியே அவரைச் சந்தியுங்கள். மேடையில் பேசுகிறவரைக் காட்டித்தான் விற்பார்கள், வகுப்புக்கு வருகிறவர் யாரென்று ஒப்பந்தத்தில் இருக்காது. ஒரே ஆசிரியரின் வகுப்புக்குக் குறைந்தது இரண்டு முறையாவது வர வேண்டும், இல்லையென்றால் மாறியதா என்று யாருக்கும் தெரியாது. குறிப்புகள் நிர்வாகத்துக்கு வராது என்பதை எழுத்திலேயே வாங்கி ஆசிரியர்களிடம் காட்டுங்கள். மாதம் ஜூன் அல்லது ஜூலை. டிசம்பருக்கு மேல் வைத்தால் பொதுத்தேர்வுக்கு முன் வைக்கும் பிரிபரேட்டரி தேர்வு நெருக்கடியில் யாருக்கும் எதையும் முயன்றுபார்க்க நேரம் இருக்காது.

இந்த வருடமும் அந்தப் பெரியவரை மட்டும் அழைக்கலாமா என்று நாங்கள் சேர்ந்து நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அரங்க வகுப்பு வேண்டாம், அந்தத் தொகையில் அவர் வருகையும் வாரம் ஒரு பீரியடும் போதும் என்று கேட்டிருக்கிறோம். நிறுவனம் தொகுப்பைப் பிரித்துத் தர முதலில் மறுத்தது, பேசிய பிறகு சம்மதித்தது, கட்டணம் கொஞ்சம் கூட வரும். கேட்டால் கிடைக்கும், அதனால் நீங்களும் கேளுங்கள்.